குதிகாலுக்கு ஈரம், விரலிடுக்குக்கு உலர்வு

சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் பாதத்தை வெளிச்சத்தில் நிதானமாகத் திருப்பிப் பாருங்கள். குதிகால் ஓரத்தில் தோல் தடித்து, சாம்பல் பூத்து, கோடு கோடாக வெடித்திருக்கும். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி, நான்காவது விரலையும் சுண்டுவிரலையும் விரித்துப் பார்த்தால் தோல் ஊறி வெளுத்து, நனைந்த காகிதம் மாதிரி உரிந்துகொண்டிருக்கும். ஒரு முனை காய்ந்து கிடக்கிறது, மறுமுனை ஊறிக் கிடக்கிறது. பெரும்பாலானோர் செய்வது என்ன? ஒரே கிரீமை எடுத்து பாதம் முழுக்கத் தேய்த்துவிடுவது. குதிகாலுக்கு அது போதாது. விரலிடுக்குக்கு அது கெடுதல்.

சர்க்கரை நோயாளியின் தோல் பராமரிப்பில் பாதித் தவறுகள் இந்த ஒரு இடத்தில்தான் நடக்கின்றன. காய்ந்த இடத்தை நனைக்க வேண்டும், நனைந்த இடத்தைக் காய வைக்க வேண்டும். சொல்லும்போது சுலபம்தான். எது எந்த இடம், எதனால் நனைப்பது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் சிக்கல்.

ஏன் இப்படி ஆகிறது

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அத்தனையையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடிவதில்லை. சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடம்பு வற்றினால் தோலும் வற்றும். இது பலருக்கும் தெரிந்த காரணம்.

அதிகம் பேசப்படாத காரணம் இன்னொன்று. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அங்கே தோலை மிருதுவாக வைத்திருப்பது வியர்வைதான். நெடுநாள் உயர்ந்த சர்க்கரை முதலில் தாக்குவது உடம்பின் நீளமான நரம்புகளை, அதாவது பாதம்வரை ஓடும் நரம்புகளை. தொடு உணர்வைச் சொல்லும் நரம்போடு வியர்வையை இயக்கும் நரம்பும் சேர்ந்தே பழுதாகிறது. பாதம் வியர்ப்பதை நிறுத்திவிடும். அதற்கு ஈடுகட்டுவதுபோலச் சிலருக்குத் தலை, கழுத்து, மார்பு எல்லாம் கூடுதலாக வியர்க்கும். சாப்பிட உட்கார்ந்தாலே முகம் வியர்த்து வழிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் இந்த நரம்புக் கோளாறின் ஒரு முகம்.

ஆக, கீழே வறட்சி, மேலே மடிப்புகளில் ஈரம். விரலிடுக்கு நனைவது வியர்வையால் மட்டும் அல்ல. குளித்த தண்ணீரைத் துடைக்காமல் விடுவதும், விரல்களை நெருக்கும் காலணியும் சேர்ந்து செய்யும் வேலை அது. உணர்வு மங்கிய காலில் அங்கே ஈரம் இருப்பதே தெரியாது.

காய்ந்த இடம்

லோஷன், கிரீம், ஆயின்மென்ட் மூன்றும் ஒன்றல்ல. லோஷனில் தண்ணீர்தான் அதிகம். தடவிய சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும். கை, முதுகு போன்ற அகலமான இடங்களுக்கு அது சரி. முழங்காலுக்குக் கீழே கிரீம் வேண்டும். வெடிப்புக்கு ஆயின்மென்ட் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி. மணம், நிறம் சேர்த்தவை வறண்ட தோலை எரிச்சலூட்டக்கூடியவை என்பதால் வாங்கும்போதே தவிர்த்துவிடலாம்.

யூரியா கலந்த கிரீம் இந்தத் தோலுக்கு நன்றாக வேலை செய்கிறது. தண்ணீரைப் பிடித்து வைக்கும். அளவு கூடினால் தடித்த செதிலையும் இளக்கும். காலுக்கும் கைக்கும் 10 சதவீதம் போதும். குதிகாலுக்கு 20 முதல் 25 சதவீதம். 40 சதவீத யூரியா தடித்த நகத்தையே கரைக்கும் வீரியம் உடையது, அதை டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம். திறந்த வெடிப்பில் யூரியா பட்டால் எரியும். வெடிப்பு ஆழமாக, உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் அது கிரீம் வேலையைத் தாண்டிய புண், காட்ட வேண்டும். மேலோட்டமான வெடிப்பு என்றால் சில நாள் பெட்ரோலியம் ஜெல்லியால் மூடி வைத்து, பிளவு சேர்ந்த பிறகு யூரியாவுக்கு வரலாம்.

அடுத்தது அளவு. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். ஒரு பாதத்துக்கு அப்படி 2 கோடு, ஒரு காலுக்கு 6 கோடு. இரண்டு கால், இரண்டு பாதம் சேர்த்தால் 16 கோடு, அதாவது ஒரு தடவைக்கு 8 கிராம். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று வைத்தாலே 100 கிராம் டியூப் 12 நாள்தான் வரும். 'கிரீம் தடவிக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்கவே இல்லை' என்று சொல்பவரின் டியூப் மூன்று மாதமாகத் தீராமல் இருந்தால், பழுது கிரீமில் இல்லை.

எப்போது தடவுவது? குளித்துத் துடைத்த மூன்று நிமிடத்துக்குள், தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே. காய்ந்த பிறகு தடவினால் அடைத்து வைக்க உள்ளே தண்ணீர் இருக்காது. குதிகாலுக்கு மட்டும் படுக்கும்முன் இன்னொரு தடவை. மேலே தளர்ந்த பருத்திக் காலுறை. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது வழுக்கி விழாமல் இருக்கவும் அந்தக் காலுறை மேல் செருப்பு வேண்டும்.

பித்தவெடிப்பு வறட்சியால் மட்டும் வருவதில்லை. உடம்பின் எடை இறங்கும்போது குதிகாலின் கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்குகிறது. ஓரத்துத் தோல் தடித்து விறைத்திருந்தால் நெகிழ முடியாமல் கிழிகிறது. பின்பக்கம் திறந்த செருப்பு அந்தப் பிதுக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. பின்னால் மூடிய காலணி போட்டால், அதே கிரீமுக்கு அதே வெடிப்பு விரைவில் அடங்கும்.

உணர்வு குறைந்த காலில் பிளேடு, கத்தி, இரும்புத் தேய்ப்பான் எதுவும் கூடாது. கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியும் வேண்டாம். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலத்துக்குக் காய்ப்பு எது, நல்ல தோல் எது என்று தெரியாது. எரிந்தால் சொல்ல வேண்டிய நரம்போ தூங்கிக்கொண்டிருக்கிறது. காய்ப்பைச் சீவுவது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

குளியலிலும் ஒரு திருத்தம் தேவை. தண்ணீரின் சூடு 37 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். காலை விட்டுச் சூடு பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். மரத்த கால் பொய் சொல்லும். 60 டிகிரி தண்ணீருக்குத் தோலைப் பொசுக்க ஐந்து விநாடி போதும். குளியல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடியட்டும். ஆரோக்கியமான தோல் சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பிஎச் 5.5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக் கட்டியின் பிஎச் 9, 10 வரை போகும். அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் சோப்பு போட்டால் போதும். ஏற்கெனவே வறண்ட முழங்காலுக்குக் கீழே தினமும் நுரை பூசித் தேய்க்க அவசியமே இல்லை. குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றுவதும் வேண்டாம். பாதத்தை வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்தால் இதமாக இருக்கும்தான். ஆனால் ஊறிய தோல் பிறகு இன்னும் வேகமாகக் காய்கிறது, விரலிடுக்கு இன்னும் நைகிறது.

இரவில் பாதம் தீயாய் எரிகிறது என்று ஐஸ் வைப்பவர்கள் உண்டு, குளிர்கிறது என்று சுடுநீர்ப் பை வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே புண்ணில் முடியும். அந்த எரிச்சல் தோலில் இல்லை, நரம்பில் இருக்கிறது. அதற்கு மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

நனைந்த இடம்

ஒரு காலுக்கு நான்கு இடுக்கு, ஆக மொத்தம் எட்டு. துண்டின் ஓரத்தை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் ஊறிய தோல் கிழியும். மாய்ச்சரைசர் இங்கே வரக் கூடாது.

வெளுத்து, உரிந்து, அரித்தால் பெரும்பாலும் அது சேற்றுப்புண், பூஞ்சைத் தொற்று. க்ளோட்ரிமசோல் 1 சதவீத கிரீம் என்றால் காலையும் மாலையும், நான்கு வாரம் வரை. டெர்பினஃபின் 1 சதவீதம் என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம். விரலிடுக்குக்கு மெல்லிய படலமாக, தேய்த்து மறையும் அளவே. அப்பி வைத்தால் அதுவே ஈரமாகிவிடும். படர்தாமரை போல வேறு இடத்தில் வந்தால் தெரியும் ஓரத்தைத் தாண்டி ஒரு 2 சென்டிமீட்டர் வெளியேயும் தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கடந்து போயிருக்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு இரண்டு. நான்காம் நாள் அரிப்பு நின்றதும் டியூபை மூடி வைத்துவிடுவது முதலாவது. அரிப்பு அடங்கினால் பூஞ்சை செத்துவிட்டது என்று பொருள் இல்லை. சில வாரத்தில் திரும்பி வரும். இரண்டாவது இன்னும் மோசம்: ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் கிரீம்கள். இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் மறைவதால் 'நல்ல மருந்து' என்று பேர் வாங்கிவிடுகிறது. ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது அந்த இடத்தின் எதிர்ப்பை. பூஞ்சை சத்தமில்லாமல் பரவும், உருவம் மாறும், தோல் மெலியும். டியூபின் பின்பக்கத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

எல்லா வெளுப்பும் பூஞ்சையும் அல்ல. பச்சை நிறம் பாய்ந்து நாற்றம் அடித்தால் பாக்டீரியா குடியேறியிருக்கலாம். பூஞ்சை கிரீம் அதைத் தொடாது. சின்ன விரலிடுக்குப் பிளவு எதற்கு இவ்வளவு கவலை என்றால், முழங்கால்வரை சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு படுக்க வைக்கும் செல்லுலைட்டிஸ் பல நேரம் நுழைவது அந்தப் பிளவு வழியாகத்தான்.

மார்புக்கு அடியில், வயிற்று மடிப்பில், தொடையிடுக்கில் வருவது பெரும்பாலும் கேண்டிடா என்ற ஈஸ்ட். நடுவில் ஈரமான சிவந்த திட்டு, அதைச் சுற்றிச் சிறு சிறு பொரிகள் சிதறிக் கிடந்தால் அதுதான் அடையாளம். மடிப்புக்குள் உலர்ந்த மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மடித்து வைத்து, நனைந்ததும் மாற்றினால் மருந்து செய்ய வேண்டிய வேலை வெகுவாகக் குறையும். வாசனைப் பவுடர் ஈரத்தோடு சேர்ந்து உருண்டு, உரசிப் புண்ணாக்கும்.

பிறப்புறுப்பில் அரிப்பு, வெள்ளைப் படிவு, ஆண்களுக்கு முன்தோலில் கோடு கோடாக வெடிப்பு: சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். இன்னும் கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாகவே இது வருவதுண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அங்கே ஈஸ்ட் வளர வாய்ப்புக் கூடுகிறது. சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவி ஒற்றித் துடைப்பது பெரிய வித்தியாசம் செய்யும். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். அரிப்பைச் சொன்னால் மருந்து தருவார்கள். ஆனால் பிறப்புறுப்பிலோ ஆசனவாய்க்கு முன்னாலோ கடும் வலி, வீக்கம், கூடவே காய்ச்சல் என்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அரிதானதுதான், ஆனால் மணிக்கணக்கில் பரவும் தசையழுகல் அப்படித்தான் தொடங்குகிறது.

பார்ப்பது

வலி என்பது நரம்பு செய்யும் காவல் வேலை. அந்தக் காவல் போன காலில் கண்ணும் கையும்தான் அதைச் செய்ய வேண்டும். இரவில், நல்ல வெளிச்சத்தில், தரையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள், பார்வை மங்கியவர்கள் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். குதிகால், உள்ளங்கால், எட்டு இடுக்கு, நக ஓரம், விரல்களின் மேல்முட்டி. காய்ப்புக்கு அடியில் கறுப்பாகவோ ரத்தம் கட்டியதுபோலவோ புள்ளி தெரிந்தால், மேலே மூடியிருந்தாலும் உள்ளே புண் தொடங்கிவிட்டது.

சிவப்பைத் தேடு என்று எல்லா அறிவுரைத் தாளிலும் அச்சடித்திருக்கும். கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த கருமை, சுற்றிலும் இல்லாத பளபளப்பு, வீக்கம், சூடு: இவற்றைத் தேட வேண்டும். சூட்டைப் புறங்கையால் இரண்டு காலிலும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தோல் வெப்பமானி இருந்தால் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு காட்ட வேண்டும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சூடாக, ஆனால் வலி அவ்வளவு இல்லாமல் இருந்தால் சுளுக்கு என்று கட்டுப்போட்டு நடக்காதீர்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம்.

சின்னக் காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் எல்லாம் கிருமியோடு புதிதாக வளரும் தோலையும் சேர்த்து அழிக்கின்றன. மெல்லிய பெட்ரோலியம் ஜெல்லி, ஒட்டாத காஸ், பேப்பர் டேப். டேப்பை விரலைச் சுற்றி முழு வளையமாகப் போடக் கூடாது, வீங்கினால் இறுக்கும். 'காற்றாட விட்டால் காய்ந்துவிடும்' என்பது பழைய நம்பிக்கை. பொருக்கு கட்டிய புண்ணைவிட லேசாக ஈரம் காக்கப்பட்ட புண் விரைவாக ஆறுகிறது. பாதத்தில் என்றால் காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஒரு நாளுக்குள் காட்டிவிடுவது நல்லது. அதுவரை நிறம் மாறிய எல்லையைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, நேரத்தையும் எழுதி வையுங்கள். நிறமாற்றம் கோட்டைத் தாண்டினாலோ, புண்ணின் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் பரவினாலோ, காரணம் இல்லாமல் சர்க்கரை ஏறினாலோ, கறுத்தாலோ, நாறினாலோ அன்றே ஆஸ்பத்திரி.

எந்த ஆயின்மென்ட் என்று பத்துக் கேள்வி கேட்கிறார்கள். எவ்வளவு நடக்கிறீர்கள் என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி. உள்ளங்காலில் புண்ணை வைத்துக்கொண்டு அதன்மேலேயே நடந்தால் எந்த மருந்தும் ஆற்றாது.

திடீரென்று காலில் வலியில்லாத பெரிய நீர்க்கொப்புளம் எழும்பினால் உடைக்காதீர்கள். மேல்தோல்தான் அதற்கு நல்ல கட்டு. முதுகிலும் பிடரியிலும் பல வாயோடு வரும் ராஜபிளவையைப் பிதுக்குவது கிருமியை உள்ளே தள்ளும் வேலை.

சில அடையாளங்கள் தோல் பிரச்சினையே அல்ல, உள்ளே நடப்பதன் செய்தி. கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலக் கறுப்பது அழுக்கு இல்லை, இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் முத்திரை. நார் வைத்துத் தேய்த்தால் இன்னும் தடிக்கும், எடை குறைந்தால் மங்கும். முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தில் வரும் வட்டமான பழுப்புப் புள்ளிகள் தீங்கற்றவை. அதே இடத்தில் மஞ்சள் பூத்த, மினுமினுக்கும், ரத்தநாளம் தெரியும் திட்டு என்றால் காட்டுங்கள், லேசான அடியில் புண்ணாகும். பிட்டத்திலும் முழங்கையிலும் ஒரே சமயத்தில் மஞ்சள் நிறப் பரு மாதிரி அள்ளித் தெளித்தால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகம் என்று அர்த்தம், கணையத்துக்கு ஆபத்து. கிரீம் ஒழுங்காகத் தடவியும் உடம்பு முழுக்க அரித்தால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஊசி போடும் இடம்

ஒரே இடத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்பு தடித்துக் கட்டியாகும். கண்ணுக்குத் தெரியாததும் கைக்குத் தெரியும்: குளிக்கும்போது சோப்பு நுரையோடு வயிற்றில் விரல்களை வழுக்கவிட்டால் ரப்பர் மாதிரி ஒரு மேடு தட்டுப்படும். அங்கே குத்தினால் வலிக்காது என்பதால் கை அங்கேயே போகும். அதனால்தான் அது வளர்கிறது. கட்டிக்குள் போன இன்சுலின் ஒரு நாள் தாமதமாகவும் ஒரு நாள் அரைகுறையாகவும் உறிஞ்சப்படும். சர்க்கரை ஏன் தாறுமாறாகக் குதிக்கிறது என்று புரியாமல் டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் அகலம் இடைவெளி விடுங்கள், ஒவ்வொரு முறையும் புது ஊசி. கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும் நாளில் பழைய அளவே போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். டாக்டரிடம் பேசி அளவைக் குறைத்துக்கொண்டு, சில நாள் அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.

சர்க்கரை பார்க்க விரலில் குத்தும்போது நுனியில் வேண்டாம், பக்கவாட்டில். அங்கே வலி குறைவு. அதற்குமுன் கை கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த விரலில் எடுத்த ரத்தம் இல்லாத சர்க்கரையைக் காட்டும். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க உடம்பில் ஒட்டும் சென்சாரின் கீழே அரித்துச் சிவந்தால் அது பசைக்கு ஒவ்வாமையாக இருக்கலாம். மேலே ஸ்டீராய்டு தடவிச் சமாளிப்பதைவிட வேறு பசையுள்ள சென்சாருக்கு மாறுவது நல்லது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது தடவிக்கொண்டிருக்கும் எல்லா டியூபையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கேட்கும்வரை காத்திருக்காமல் காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். மூடியிருக்கும் பாதத்தை யாரும் பார்ப்பதில்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். இழை படும்போது 'ம்' என்று சொல்ல வேண்டும். இழை வளையும், நீங்கள் பேசாமல் இருப்பீர்கள் என்றால், அன்றிலிருந்து கண்ணாடி வைத்துப் பார்ப்பதை ஒரு இரவுகூட விடக் கூடாது.